வகுப்புச் செய்தித்தாள் தயாரிக்க ஸ்கிரைபஸ் எப்படி?

மாணவர்களே நான்கு பக்கச் செய்தித்தாள் தயாரிக்க, வேர்டில் படங்களோடு மல்லுக்கட்டுவதைவிட இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸ் எவ்வளவோ மேல். பதிப்பு 1.6 அவசியம். பழைய 1.4-இல் தமிழ்க் கொம்புகள் இடம் மாறி நிற்கும்.

இதன் பெரும்பலம், எழுத்துக் கட்டங்களைச் சங்கிலியாக இணைக்கும் வசதி. முதல் பக்கத்தில் இடம் போதாத செய்தி, மூன்றாம் பக்கக் கட்டத்தில் தானே தொடரும். செய்தியைச் சுருக்குவதா, தொடர்வதா என்று மாணவர்கள் விவாதிப்பதே நல்ல இதழியல் பாடம்! எழுத்து வழிந்தாலும் படம் தொலைந்தாலும், பிடிஎஃப் எடுக்கும்முன் அதுவே எச்சரிக்கும்.

சிக்கல் வருவது படத்தில்தான். கோப்புக்குள் படம் சேமிக்கப்படாது, இருக்கும் இடம் மட்டுமே பதிவாகும். பென்டிரைவில் கோப்பை மட்டும் கொண்டுபோனால் வெற்றுக் கட்டம்தான் மிஞ்சும். 'கலெக்ட் ஃபார் அவுட்புட்' கொடுத்து மொத்தக் கோப்புறையையும் எடுத்துச் செல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படங்களை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் தெளிவு குறையாது.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றியபின் ஒட்டவும். நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துரு, 11 புள்ளி அளவு, ஏ4 பக்கத்துக்கு மூன்று செங்குத்துப் பத்தி (காலம்) சரியாக வரும். நீண்ட தமிழ்ச் சொற்களை இருபுறமும் சமன் செய்தால் பெரிய இடைவெளிகள் விழும்; இடப்பக்கச் சீர்மையே போதும்.

நடுவில் மடிக்கும் ஏ3 தாளில் ஒருபுறம் 4, 1-ஆம் பக்கங்கள். மறுபுறம் 2, 3. அச்சிடும்போது குறுகிய விளிம்பில் திருப்பச் சொல்லுங்கள், இல்லையேல் உள்பக்கம் தலைகீழாகும்.