ஊர்க் காருக்கு ஸ்ட்ரட் மாற்றிய அனுபவம்

விடுமுறைக்கு ஊருக்குச் சென்றிருந்தபோது, அப்பா அன்றாடம் ஓட்டும் சிறிய காரின் முன்பக்க ஸ்ட்ரட்டுகளை, அதாவது ஸ்ப்ரிங்கோடு சேர்ந்து அதிர்வை அடக்கும் எண்ணெய் நிரப்பிய தூண்களை, மாற்ற வேண்டியிருந்தது. பிரேக்கை மிதித்தால் காரின் முகப்பு வழக்கத்தைவிட அதிகமாகக் குனிந்தது. வேகத்தடையைத் தாண்டிய பிறகும் ஆட்டம் உடனே அடங்கவில்லை. முன் டயர்களைக் கையால் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டன. ஸ்ட்ரட்டின்மேல் லேசான எண்ணெய்ப் பசை மட்டும் தெரிந்தால் அதைப் பழுதாகக் கொள்ள வேண்டியதில்லை. இதிலோ எண்ணெய் அடிவரை வழிந்து, அதன்மேல் புழுதி அப்பியிருந்தது.

நான் வசிக்கும் நாட்டில் கூலி அதிகம் என்பதால், ஸ்ப்ரிங், ஸ்ட்ரட்டைக் காரின் உடலோடு இணைக்கும் மேல் மவுண்டிங், பேரிங் எல்லாம் சேர்த்துக் கோத்து வரும் முழுத் தொகுதியை வாங்குவதே பல நேரங்களில் சிக்கனம். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் வேலை முடிந்துவிடும். ஊரில் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. பொருளைவிடக் கூலி மலிவு என்பதால், ஸ்ட்ரட்டைத் தனியாக வாங்கி, நல்ல நிலையில் உள்ள பழைய ஸ்ப்ரிங்கையே அதில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அமுங்கிய ஸ்ப்ரிங்கில் ஆபத்தான அளவு விசை அடங்கியிருப்பதால், ஸ்ப்ரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவியைச் சரியாகப் பிடிக்கவைத்து வேலை செய்யும் ஒர்க்‌ஷாப்பைத் தேடிப் பிடிப்பது அவசியம். கயிற்றாலும் கம்பியாலும் கட்டிச் சமாளிக்கும் இடத்திலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதே நல்லது.

விலை விசாரித்தபோது, கார் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பெட்டிக்கும், ஸ்ட்ரட் தயாரிப்பாளரின் சொந்தப் பெயரில் வரும் பெட்டிக்கும் இடையே கணிசமான வேறுபாடு இருந்தது. கார் நிறுவனங்கள் பெரும்பாலும் ஸ்ட்ரட்டைத் தாமே செய்வதில்லை. கயாபா, கேப்ரியல், மன்றோ, சாக்ஸ் போன்ற பெயர்களில் விற்பவர்கள்தாம் கார் தொழிற்சாலைகளுக்கும் வழங்குகிறார்கள். எனவே, காரின் மாடல், தயாரிப்பு ஆண்டு, சேசிஸ் எண் ஆகியவற்றைக் காட்டிப் பொருந்தும் பாக எண்ணை உறுதிசெய்துகொண்டு, இரண்டாவது வகையை எடுத்தோம். பல கார்களில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வெவ்வேறு எண்கள் இருப்பதால், இரண்டு பெட்டிகளையும் கடையிலேயே திறந்து பார்ப்பது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

எல்லாவற்றிலும் மலிவாகச் சொல்லப்பட்டது ரீகண்டிஷன். பழைய ஸ்ட்ரட்டில் துளையிட்டு, புது எண்ணெய் ஊற்றி, பற்றவைத்துத் தருவார்களாம். எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் சீலும் உள்ளே இருக்கும் வால்வும் தேய்ந்தபடியே இருக்க, எண்ணெயை மட்டும் மாற்றி என்ன பயன்? கேஸ் நிரப்பிய வகையாக இருந்தால் அந்த அழுத்தமும் திரும்புவதில்லை. மேலும், மெக்பெர்சன் எனப்படும் இந்த முன்பக்க அமைப்பில் ஸ்ட்ரட் அதிர்வை அடக்குவதோடு நிற்பதில்லை. சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் அதில்தான் போல்ட்டால் பிணைக்கப்பட்டு, சக்கரத்தின் நிலையையே அது நிர்ணயிக்கிறது. அத்தகைய பாகத்தில் வெல்டிங் செய்து ஓட்டச் சொல்லும் யோசனையை நான் ஏற்கவில்லை.

ஒரு பக்கம் மட்டும் ஒழுகினாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் இரு பக்கமும் அதிர்வை வெவ்வேறு அளவில் அடக்கும். மிச்சமான பணத்தில் மேல் மவுண்டிங், பேரிங், ஸ்ட்ரட் முழுவதும் அமுங்கும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப், தூசி உறை ஆகியவற்றையும் வாங்கினோம். "மவுண்டிங்கை இப்பவே மாத்திடுங்க சார், அப்புறம்னா திரும்பவும் எல்லாத்தையும் கழட்டணும்" என்று மெக்கானிக் சொன்னது விற்பனைப் பேச்சு அன்று; நியாயமான கணக்கு. ஸ்ட்ரட் தண்டை இடுக்கியால் கவ்விப் பிடித்து மேல் நட்டை முடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தண்டின் குரோம் பூச்சில் விழும் கீறல், புது சீலையும் விரைவில் அறுத்துவிடும். அவர் சிரித்துக்கொண்டே அதற்கான ஸ்பேனரை எடுத்துக் காட்டினார்.

நக்கிள் போல்ட்டுகளைக் கழற்றி மாட்டியதால் சக்கரக் கோணங்கள் மாறியிருக்கும் என்பதால், அன்றைக்கே வீல் அலைன்மென்ட்டும் செய்து, அளவுகள் அச்சிட்ட தாளை பில்லுடன் வாங்கிக்கொண்டோம். கார் இப்போது முன்போல் குனிவதும் இல்லை, ஆடுவதும் இல்லை. ஆனால் டயர்களின் மேடுபள்ளம் புது ஸ்ட்ரட்டால் மறைந்துவிடாது. அதனால் எழும் உறுமல் சத்தம் தொடர்வதால், அந்த டயர்களைப் பின்பக்கத்துக்கு மாற்றியிருக்கிறோம்.