பெட்டி ஒன்று, சான்றிதழ் வேறொன்று: மரத்தரை போடுவோர் கவனத்துக்கு

சென்னை ஃபிளாட் ஒன்றுக்கு என்ஜினியர்டு வுட் ஃப்ளோரிங் (மேலே மெல்லிய அசல் மரம், அடியில் பிசின் போட்டு ஒட்டிய நடுப்பலகை) வாங்கியவர்கள் ஏமாந்த விதம் இது. கடையின் பெயர் வேண்டாம். இந்த மாதிரி ஒரு சான்றிதழ்க் கோப்பினை வேறு கடைகளிலும் காட்டுவார்கள்.

கொட்டேஷனில் "ஈ0, கார்ப் 2, எஃப்.எஸ்.சி., ஐ.எஸ்.ஓ. 9001" என்று போட்டிருந்தது. முதல் இரண்டும் பலகையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு என்ற கண் எரிக்கும் வாயுவின் அளவைச் சொல்பவை; மற்ற இரண்டைப் பின்னால் சொல்கிறேன். நாலுக்கும் தாள் இருந்தது, நாலும் அசல்தான். ஆனால் வாயு உமிழ்வுச் சோதனை அறிக்கை 12 மி.மீ. பிளைவுட் நடுப்பலகைக்கு வாங்கியது. வந்து இறங்கிய சரக்கோ 14 மி.மீ., நடுவில் ஹெச்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை). அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் "கொடுத்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்" என்ற வரி. பெட்டி லேபிளில் நிறம், அளவு, எத்தனை பலகை, அவ்வளவுதான். தயாரித்தவர் பெயர் இல்லை, மாதம் வருடம் இல்லை. ஒட்டி முடித்து, கதவைச் சாத்திய படுக்கையறையில் கண் எரிந்தபோது கடையில் வந்த பதில்: "புது மர வாசனைங்க, ஒரு வாரத்துல போயிடும்." ஒட்டிய பலகையைத் திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள்.

வெறும் மர வாசனைக்கு இப்படிக் கண் எரிவது வழக்கமில்லை. நடுப்பலகையைப் பிடித்திருக்கும் யூரியா-ஃபார்மால்டிஹைடு பிசின்தான் முதல் சந்தேகம். சூடும் ஈரமும் ஏற ஏற அது சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவை அதிகமாக விடும். இந்த வாயுவுக்கு ஐரோப்பாவில் வைத்த ஈ1 என்ற வகுப்பின் வரம்பு, காற்றில் கனமீட்டருக்கு 0.124 மி.கி.; அதை அளப்பது 23 டிகிரி வெப்பமும் 45 சதவீத ஈரப்பதமும் வைத்த சோதனை அறையில். மே மாதம் பூட்டிக் கிடக்கும் சென்னை வீடு எங்கே, அது எங்கே! வரம்பை உரசிக்கொண்டு தேறிய சரக்கை இந்த ஊரில் தொடாதீர்கள்.

ஈ0 என்ற வகுப்பே ஐரோப்பியத் தரத்தில் கிடையாது. சீனாவின் 2021 தரத்தில் ஈ0 என்றால் கனமீட்டருக்கு 0.050 மி.கி. அதற்கு முந்தைய பிளைவுட் கணக்கில் லிட்டருக்கு 0.5 மி.கி.; அளக்கும் முறையே வேறு. எண், அலகு, சோதனை முறை மூன்றும் எழுதாத ஈ0-வுக்குக் காசு கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

கார்ப் 2 அதே வாயுவுக்கான கலிஃபோர்னியா விதி. பிளைவுட்டுக்கு 0.05 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு), ஹெச்டிஎஃப்பும் சேர்ந்த எம்டிஎஃப் வகைக்கு 0.11. பிளைவுட் அறிக்கையைக் காட்டி ஹெச்டிஎஃப் தள்ளினால் வரம்பு இரண்டு மடங்குக்கு மேல் தளர்ந்துவிடுகிறது, பாருங்கள். இதை ஒட்டி வந்த அமெரிக்க மத்திய விதியின்படி, அங்கே விற்கும் பெட்டியில் தயாரித்தவர் பெயர், தயாரித்த மாதம் வருடம், விதிக்கு உட்பட்டது என்ற வாசகம் மூன்றும் இருந்தாக வேண்டும். மொட்டை லேபிளோடு வரும் பெட்டியில் "அமெரிக்கத் தரம்" என்பது வாய்ப்பேச்சு.

எஃப்.எஸ்.சி. மரம் வந்த காட்டைப் பொறுப்பாகப் பராமரிக்கிறார்களா என்பதைப் பற்றியது, பிசினைப் பற்றி அது பேசாது. அதன் பொதுத் தேடல் தளத்தில் சான்றிதழ் எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, இன்னும் செல்லுமா, எந்தப் பொருளுக்கு என்று வந்துவிடும். இந்தக் கோப்பில் இருந்தது ஆலையின் சான்றிதழ். கடைக்கு எதுவும் இல்லை. அப்படிப்பட்ட கடை, ஏற்கெனவே எஃப்.எஸ்.சி. லேபிள் ஒட்டி வந்த பெட்டியைத்தான் அந்தப் பெயரில் விற்கலாம். ஐ.எஸ்.ஓ. 9001 ஆலையின் நிர்வாக முறைக்குக் கொடுப்பது. பலகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே மொத்தத் தடிமன், நடுப்பலகை வகை, வாயு உமிழ்வு எண், சோதனை முறை, ஆலையின் பெயர் ஐந்தையும் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். சரக்கு வந்ததும் லேபிளைப் படம் பிடித்து, ஒரு பெட்டியை மட்டும் பிரியுங்கள். பலகையின் வெட்டுமுனையைப் பாருங்கள்: பிளைவுட் என்றால் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குகள் தெரியும், ஹெச்டிஎஃப் என்றால் அட்டை போல ஒரே பழுப்பு. ஒத்துப்போகாவிட்டால் மற்ற பெட்டிகளின் டேப்பைக் கிழிக்காமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள். தரையில் ஒட்டும் பசைக்குத் தனியாக உமிழ்வு அறிக்கை கேளுங்கள். பலகைச் சான்றிதழ் அதற்குச் செல்லாது.