சி.டி. ராஜகாந்தம் இருந்த கேசட்டும் காந்தி வீதிச் சந்துக் கடையும்

கேசட்டின் முதுகில் ஆயா கையெழுத்தில் மூன்றே வார்த்தை: "சபாபதி. ராஜகாந்தம். அழிக்காதே." எழுதியது போதாதென்று, மேலே வேறு எதையும் பதிவு செய்ய முடியாதபடி ஓரத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தகட்டையும் உடைத்துப் போட்டிருந்தார். கிரிக்கெட் மேட்ச் பதிகிற பேரன்கள் இருந்த வீடு. யாரையும் நம்பவில்லை.

அந்த கேசட்டை பென்டிரைவுக்கு மாற்றத்தான் கடலூரிலிருந்து பாண்டிச்சேரி போனேன். கடை காந்தி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. "பழைய வீடியோ கேசட் மாற்றித் தரப்படும்" என்று ஒரு காகிதம் கண்ணாடியில் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். நடத்துபவர் அறுபது வயதைத் தாண்டியவர், முன்பு கல்யாண வீடியோ எடுத்தவர். ஒத்தாசைக்கு ஒரு பையன். அந்தப் பையனிடம் "சி.டி. ராஜகாந்தம் நடிச்ச படம் இருக்கு" என்று ஆரம்பித்தேன். "சிடின்னா தனி ரேட்டுக்கா, கேசட்டுன்னா நானூறு" என்றான். உள்ளே இருந்தவர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். "டேய், அது அந்தம்மா இனிஷியல்டா. காளி ரத்னம் ஜோடி." எனக்கு அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

பையனைக் குறை சொல்ல முடியாது. ராஜகாந்தம் யாரென்று இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? என்.எஸ்.கிருஷ்ணன் – மதுரம் ஜோடியைத் தெரியாதவர் இல்லை. அதே காலத்தில் தியேட்டரைச் சிரிக்க வைத்த இன்னொரு ஜோடி காளி என். ரத்னமும் சி.டி. ராஜகாந்தமும். ரத்னம் நாடக வாத்தியார். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆருக்கே பாடம் சொன்னவர். ராஜகாந்தம் கோயம்புத்தூர்க்காரர், அவரும் நாடக மேடை வழியாகச் சினிமாவுக்கு வந்தவர். 1941-இல் ஏ.வி.எம். செட்டியாரின் பிரகதி பிக்சர்ஸ் எடுத்த 'சபாபதி'யில் முதலாளி பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. முதலாளி டி.ஆர்.ராமச்சந்திரன், வேலைக்காரன் ரத்னம், வேலைக்காரனுக்குச் சரிக்குச் சரி நிற்கிற வேலைக்காரப் பெண் ராஜகாந்தம். கதாநாயகி பத்மாவை சோப்பு விளம்பரத்தில் வந்ததால் 'லக்ஸ்' பத்மா என்று ஊரே கூப்பிட்டது. ராஜகாந்தத்துக்கு எந்த சோப்புக்காரரும் பட்டம் தரவில்லை. ஆனால் சோடா உடைக்கிற காட்சியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த ஆயாவுக்கு, பத்மா என்ன புடவை கட்டியிருந்தார் என்பதுகூட ஞாபகம் இல்லை. ராஜகாந்தம் எப்படி இடுப்பில் கை வைப்பார் என்பதை மட்டும் எழுபது வயதிலும் நடித்துக் காட்டுவார்.

சிறுமியாகக் கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்ட் டவுனில், டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து பார்த்த படம் அது. தொண்ணூறுகளில் தூர்தர்ஷனில் போட்டபோது சித்தப்பாவின் வீடியோ டெக்கில் பதியச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். விளம்பரம் வந்தால் ரிமோட்டில் பாஸ் பொத்தானை அமுக்கிப் பதிவை நிறுத்திவைக்கும் வேலை ஆயாவுடையது. கை கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். அதனால் ஒவ்வொரு இடைவேளையிலும் ரெண்டு செகண்ட் சோப்புத்தூள் பதிவாகியிருக்கும்.

படம் முடிந்து மிச்சமிருந்த ரீலில் இருப்பதுதான் எனக்கு முக்கியம். சன் டிவியில் 1997-இல் 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' ஓடியதே, இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். நாங்கள் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்த தொடர். அடுப்படியில் இருந்த ஆயா டிவியைப் பார்க்காமலேயே "இது நம்ம ராஜகாந்தம் குரலாச்சே" என்றார். வந்து பார்த்தால் திரையில் ஒரு கிழவி. பல் போய், கன்னம் ஒட்டி, யாராலும் அடையாளம் சொல்ல முடியாத முகம். ஆயா சொன்னது சரிதான், அவரேதான். எண்பது வயதில் நடிக்க வந்திருந்தார். மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பேசிப் பழகிய தொண்டை, ஐம்பத்தாறு வருஷம் கழித்தும் அடையாளம் தெரிந்தது. அடுத்த வாரமே அந்த கேசட்டைத் தேடி எடுத்து, மிச்ச ரீலில் அவர் வரும் பகுதியைப் பதிந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் தகட்டை உடைத்தது.

ஆக, அந்த ஒரே ரீலில் ஒரே நடிகை இருபத்து நாலு வயசிலும் இருக்கிறார், எண்பதிலும் இருக்கிறார். இடையில் நடந்ததெல்லாம் கேசட்டில் இல்லை. 1950-இல் ரத்னம் காலமானார். "ஜோடியில ஒருத்தர் போயிட்டா இன்னொருத்தரை எப்படிப் போடுறதுன்னு படம் எடுக்கிறவனுக்குத் தெரியல" என்பது ஆயாவின் கணக்கு. ராஜகாந்தத்தின் மகளைக் கட்டியவர் பாடகர் திருச்சி லோகநாதன், அதே 1950-இல் 'மந்திரி குமாரி'யில் "வாராய் நீ வாராய்" பாடியவர். டி.எல்.மகராஜனும் தீபன் சக்கரவர்த்தியும் அந்தம்மாவின் பேரன்கள்தான். இதையெல்லாம் கடைக்காரரிடம் சொன்னபோது, "மாமியார் சிரிக்க வெச்சாங்க, மருமகன் பாடினாரு" என்று சொல்லிக்கொண்டே திருப்புளியை எடுத்தார்.

திருப்புளி எதற்கு என்றால், கேசட்டில் பூஞ்சை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் எங்கள் வீட்டு ஓடு பறந்து கேசட் இருந்த பெட்டி நனைந்தது. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் யார் கேசட்டைக் காயவைப்பார்கள்? ரீல் ஓரத்தில் உப்புத் தூவினாற்போல வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிட்டது. இப்படிப்பட்ட கேசட்டை அப்படியே டெக்கில் போட்டால் ரீலைப் படிக்கிற ஹெட்டும் அழுக்காகும், ரீலும் கிழியும். இவர் ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றி, ரீலை வெளியே எடுத்து, ஸ்பிரிட் தொட்ட மெல்லிய துணியால் மீட்டர் மீட்டராகத் துடைத்து, வேறொரு நல்ல கூட்டுக்குள் மாற்றிப் போட்டார். அதற்குத் தனியாக 250 ரூபாய். கொடுக்கலாம். வீடியோ டெக் செய்வதை ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியே 2016-இல் நிறுத்திவிட்டது. ஹெட் பழுதானால் இவர் பழைய டெக்கைத் தேடி உடைத்துத்தான் மாட்ட வேண்டும்.

இதற்கு முன்பு வேறொரு ஊரில் ஒரு கடையில் அப்பா கல்யாண கேசட்டைக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். நாலுக்கு மூன்று அளவில் இருக்க வேண்டிய படத்தை இழுத்து அகலத் திரைக்கு ஆக்கி, அம்மாவை அம்மாவின் பெரியம்மா மாதிரி ஆக்கிக் கொடுத்தார்கள். மூலையில் கடை பெயர் வேறு, தாலி கட்டும்போதும் போகாமல் நிற்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. முக்கியமான விஷயம், கைவைக்கும் முன் கேட்கிறார். "நடுவுல சோப்பு விளம்பரம் வருதும்மா, வெட்டிடவா?" என்று போன் செய்தார். வேண்டாம் அண்ணே, அது எங்க ஆயா கை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அப்படியே விடறேன்" என்றார்.

குறைகளும் உண்டு. ஏழு நாள் என்றார், பதினொரு நாள் ஆனது. மூன்று மணி நேர கேசட்டை மூன்று மணி நேரம் ஓடவிட்டுத்தான் மாற்ற முடியும் என்பது புரிகிறது, ஆனால் அதை முதலிலேயே சொல்லலாம். ரசீது கிடையாது. மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை ஷட்டர் இறங்கிவிடும், அந்த நேரத்தில் போனும் எடுக்க மாட்டார். முதலில் கொடுத்த ஃபைலில் சத்தம் இடது காதில் மட்டும் கேட்டது. திரும்பப் போய்ச் சொன்னதும் அரை மணியில், பைசா வாங்காமல் சரிசெய்து கொடுத்தார். ஆனால் எனக்கு ஒரு பஸ் டிக்கெட்டும் அரை நாளும் போனது. படத்தின் நடுவில் ஏழெட்டு நிமிடம் பூஞ்சை தின்றுவிட்டது, அங்கே கோடு கோடாகத்தான் வருகிறது. அதை முன்பே எச்சரித்திருந்தார், மழுப்பவில்லை.

படம் இணையத்திலேயே கிடைக்குமே, இதற்கு 650 ரூபாயா என்று என் தம்பி கேட்டான். கிடைக்கும். அதில் ஆயா தாமதமாக அமுக்கிய பாஸ் இருக்காது. சோப்புத்தூள் முடிந்ததும் திரை ஒரு குலுங்கு குலுங்கி ராஜகாந்தம் பாதி வசனத்தில் ரத்னத்தை அதட்டிக்கொண்டு வருவதும் இருக்காது. படம் ஓடிய அன்று கடைக்கு வந்த ரெண்டு பேர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்களாம். ஒருவர் வந்தது ஜெராக்ஸ் கடை என்று நினைத்து.

போகிறவர்களுக்கு: பென்டிரைவ் நீங்களே கொண்டுபோங்கள், 32 ஜிபி போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், சண்டே மார்க்கெட் கூட்டத்தில் காந்தி வீதிக்குள் நுழையவே முடியாது. இன்னும் நாலு கேசட் என்னிடம் இருக்கிறது, பொங்கல் கழித்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அதில் ஒன்றின் மேல் ஆயா எதுவுமே எழுதவில்லை, தகடு மட்டும் உடைந்திருக்கிறது.