எம்.சி. ரோடு பிளவுஸ் டிசைனும் ஒரு மேக்புக்கும்: பேரலல்ஸ், எட்டு மாதம் ஓட்டிய பிறகு

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்துகளில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் போட்டிருக்கும் கடைகளுக்கு நான் பதினோரு வருடமாகப் பஞ்சிங் செய்து கொடுக்கிறேன். கஸ்டமர் போனில் அனுப்பும் மயில் படத்தைப் பார்த்து, ஊசி எங்கே இறங்க வேண்டும், தையல் எந்தப் பக்கம் சாய வேண்டும், எங்கே நூலை அறுக்க வேண்டும் என்று மெஷினுக்கு ஒவ்வொரு தையலாகச் சொல்லிக் கொடுப்பதுதான் பஞ்சிங். இந்த வேலைக்கான பெரிய சாப்ட்வேர்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டும்தான் வருகின்றன.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மேசைக்கு அடியில் இருந்த சிபியு முழுகிப் போனது. டிசைன்களைப் பென் டிரைவில் தனியாக வைத்திருந்ததால் பிழைத்தேன். அப்புறம் அண்ணியின் பழைய லேப்டாப்பில்தான் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தேன். போன வருடம் ஆயுத பூஜைக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பி, தன்னுடைய மேக்புக் ஏரை என் கையில் கொடுத்து, “நீயே வச்சுக்கோக்கா, நான் வேற வாங்கிட்டேன்” என்றான். எம்2 சிப், 16 ஜிபி ராம். நல்ல பொருள்தான், ஆனால் என் சாப்ட்வேர் அதில் ஏறாதே என்று மனசு அடித்துக்கொண்டது. “மேக்கா? அதுல இதெல்லாம் ஓடாதும்மா, வித்துட்டு விண்டோஸ் வாங்கு” என்று எனக்குத் தெரிந்த ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரரும் சொன்னார்.

ஓடுகிறது. எட்டு மாதமாக என் வீட்டுச் சாப்பாடு அதில்தான் நடக்கிறது. ஓட வைப்பது பேரலல்ஸ் டெஸ்க்டாப் என்ற சாப்ட்வேர். என்னை மாதிரி மேக் கைக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முன்பு மேக்கில் இன்டெல் சிப் இருந்த காலத்தில், பூட் கேம்ப் என்று ஆப்பிளே ஒரு வழி வைத்திருந்தது. கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது மேக்கா விண்டோஸா என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்பைக் கொண்டுவந்தது. அதுவும் என் எம்2-வும் ஆர்ம் என்ற வேறு வகை, இன்டெல்லின் பாஷை அதற்குத் தெரியாது. அந்த வகை மேக்கில் பூட் கேம்ப் கிடையாது. பேரலல்ஸ் செய்வது வேறு. மேக் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதில் விண்டோஸ் 11-ஐ ஏற்றுகிறது. ஏறுவது ஆர்ம் சிப்புக்கான விண்டோஸ். பேரலல்ஸில் இதை ஓட்டுவதற்கு 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட்டே ஒப்புதல் கொடுத்துவிட்டது. அதனால் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. ஆனால் விண்டோஸ் லைசென்ஸ் தனியாக வாங்க வேண்டும், பேரலல்ஸுக்குக் கொடுக்கும் காசில் அது சேராது. பட்ஜெட் போடும்போதே இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

என் பஞ்சிங் சாப்ட்வேர் இன்டெல் சிப்பின் பாஷை மட்டும்தான் பேசும். வெள்ளைக்காரன் காலத்து மெட்ராஸில் துபாஷிகள் இருந்தார்களே, அந்த மாதிரி இந்த விண்டோஸுக்குள்ளேயே ஒரு துபாஷி உட்கார்ந்திருக்கிறார். சாப்ட்வேர் சொல்வதை ஆர்ம் பாஷைக்கு மாற்றிச் சிப்பிடம் சொல்வது அவர் வேலை. இடையில் ஒருவர் பேசினால் வேகம் கொஞ்சம் குறையத்தானே செய்யும்? என் வேலையில் அது உறுத்தவில்லை. பின் கழுத்து முழுக்க மயிலும் கொடியுமாக 42,000 தையல் கொண்ட ஒரு டிசைனைத் திறந்து, தையல் விழுவதைத் திரையில் ஓட்டிப் பார்த்தேன். அண்ணியின் லேப்டாப்பில் நடுவில் நடுவில் நின்று மூச்சு வாங்கும், இதில் சீராகப் போனது. தோகைக் கண்ணுக்குச் சாட்டின் தையலின் கோணத்தை ஒவ்வொன்றாகத் திருப்பும்போது, கை இழுத்த இழுப்புக்கு வருகிறது. எனக்கு அதுதான் முக்கியம். கோணம் தப்பினால் பட்டுநூலில் வெளிச்சம் தப்பாக விழும், மயில் கோழி மாதிரி ஆகிவிடும்.

துபாஷியால் முடியாத இடம் ஒன்று உண்டு. அங்கேதான் எனக்குப் பெரிய அடி விழுந்தது. நான் வைத்திருந்தது பஞ்சிங் சாப்ட்வேரின் பழைய பதிப்பு. யுஎஸ்பி டாங்கிள், அதாவது பென் டிரைவ் மாதிரி இருக்கும் லைசென்ஸ் சாவி, குத்தினால்தான் திறக்கும். குத்தினேன். பேரலல்ஸ் அதைக் கண்டுபிடித்து விண்டோஸ் பக்கம் சரியாகவே தள்ளிவிட்டது. ஆனால் அந்த டாங்கிளின் டிரைவர் இன்டெல்லுக்காக எழுதப்பட்டது. டிரைவர் என்பது விண்டோஸின் அடிவயிற்றில் வேலை செய்யும் சமாசாரம். அங்கே துபாஷி போக மாட்டார், ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். என் டாங்கிளுக்கு அது கிடைக்கவில்லை. மூன்று நாள் எதை எதையோ போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் ஆன்லைன் லைசென்ஸில் திறக்கும் புதிய பதிப்புக்குக் காசு கட்டினேன். அந்த மாதம் சீட்டுப் பணம் கட்டக் கையில் இல்லை. டாங்கிள், பழைய பிரிண்டர், கட்டிங் பிளாட்டர் என்று எதை மாட்டுவதாக இருந்தாலும், பேரலல்ஸ் வாங்குவதற்கு முன்னால் அதற்கு ஆர்ம் விண்டோஸ் டிரைவர் இருக்கிறதா என்று விற்றவரிடம் கேட்டுவிடுங்கள். பேரலல்ஸை 14 நாள் காசில்லாமல் ஓட்டிப் பார்க்கலாம். அந்த நாட்களிலேயே எல்லாவற்றையும் குத்திப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது அளவு. பஞ்சிங்கில் திரையில் தெரிவதும் துணியில் வருவதும் ஒரே அளவாக இருந்தால்தான் கண் சரியாகக் கணக்குப் போடும். மேக்கின் திரையில் புள்ளிகள் மிக நெருக்கம். அதற்குள் விண்டோஸ் ஓடும்போது முதல் நாள் என் 100 மில்லிமீட்டர் கோடு ஸ்கேல் வைத்து அளந்தால் 83 காட்டியது. சாப்ட்வேரின் செட்டிங்கில் திரை அளவை ஒருமுறை அளந்து கொடுத்ததும் சரியானது. இதைச் செய்யாமல் தையலின் அடர்த்தியைக் கண்ணால் பார்த்து முடிவு செய்தால் துணி சுருங்கும்.

இப்போது பென் டிரைவ் கதை. இதை எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை, அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

தை மாத முகூர்த்தத்துக்குப் பதினெட்டு ஜாக்கெட். கல்யாணப் பெண்ணுக்கு, அம்மாவுக்கு, சித்திகளுக்கு என்று ஒரே வீட்டு ஆர்டர். எல்லாவற்றையும் முடித்து, எம்பிராய்டரி மெஷின் படிக்கும் டிஎஸ்டி ஃபைலாக மாற்றி மேக்கின் டெஸ்க்டாப்பில் சேமித்தேன். பேரலல்ஸில் மேக்கின் போல்டர்கள் விண்டோஸுக்குள்ளும் தெரியும், அது ரொம்ப வசதி. அங்கிருந்து பென் டிரைவுக்கு மேக் வழியாகவே இழுத்துப் போட்டுக் கடைக்கு அனுப்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் ஆபரேட்டர் பையனிடமிருந்து போன். “அக்கா, எல்லா டிசைனும் ரெண்டு ரெண்டா காட்டுது. முதல்ல இருக்குறதைத் தொட்டா மெஷின் எரர் அடிக்குது.” ஓடினேன். மெஷினின் சின்னத் திரையில் ஒவ்வொரு டிசைனுக்கும் மேலே அதே பெயரில் இன்னொன்று, பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஒரு அடிக்கோடும். மேக்கில் பார்த்தால் அது கண்ணுக்கே தெரியாது. மெஷினுக்கு ஏற்ற எஃப்ஏடி வகைப் பென் டிரைவில் மேக் எதைக் காப்பி செய்தாலும், தன் சொந்தக் குறிப்புகளுக்காக இப்படி ஒரு நிழல் ஃபைலைக் கூடவே போட்டுவைக்கும். மெஷின் பாவம், பெயரின் கடைசியில் டிஎஸ்டி என்று இருப்பதைப் பார்த்து அதையும் டிசைன் என்று நம்பிவிடுகிறது.

அசல் டிஎஸ்டியைச் சைஸிலேயே அடையாளம் காணலாம். ஒரு தையலுக்கு மூன்று பைட், தலைப்புக்கு 512 பைட். 42,000 தையல் டிசைன் என்றால் சுமார் 126 கேபி வர வேண்டும். நிழல் ஃபைலில் தையலே கிடையாது.

தீர்வு சுலபம். பென் டிரைவைக் குத்தியதும் இதை மேக்கில் இணைக்கவா விண்டோஸில் இணைக்கவா என்று பேரலல்ஸ் கேட்கும். விண்டோஸ் என்று சொல்லிவிட்டு, விண்டோஸுக்குள் இருந்தே காப்பி செய்தால் நிழல் விழாது. அன்றிலிருந்து என் பென் டிரைவ்கள் மேக் பக்கமே போவதில்லை. டிசைன்களையும் மேக்கின் போல்டரில் வைக்காமல் விண்டோஸின் சி டிரைவிலேயே சேமிக்கிறேன். பகிர்ந்த போல்டரை விண்டோஸ் ஒரு நெட்வொர்க் இடமாகத்தான் பார்க்கிறது, பழைய சாப்ட்வேர்கள் சில அதில் முரண்டு பிடிக்கும்.

வெயில் பற்றியும் சொல்ல வேண்டும். மேக்புக் ஏருக்குள் ஃபேன் கிடையாது. கத்திரி வெயிலில் எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் அறையில் மதியம் இரண்டு மணிக்குப் பெரிய டிசைனைத் திருத்தினால் அடிப்பக்கம் தோசைக்கல். வேகமும் தளர்ந்துவிடுகிறது. இரண்டு மரக்கட்டைகள் மேல் தூக்கி வைத்து டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டேன், அது போதுமாக இருந்தது. இன்னொரு பக்கம், கரண்ட் போனால் பழைய சிபியுவில் சேமிக்காத வேலை போய்விடும். இப்போது தெரு முழுக்க இருட்டில் இருக்க நான் பேட்டரியில் இலைக்கு நரம்பு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பேரலல்ஸ் வாங்குவது என்று முடிவெடுத்தால் ஸ்டாண்டர்டு பதிப்பு போதும். அதில் விண்டோஸுக்கு அதிகபட்சம் 8 ஜிபி ராமும் நான்கு கோரும் கொடுக்கலாம். எனக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. ஆனால் மேக்கிலேயே மொத்தம் 8 ஜிபிதான் என்றால் இந்த வேலைக்கு யோசியுங்கள். ஸ்டாண்டர்டை வருடச் சந்தாவாகவும் எடுக்கலாம், ஒரேயடியாகவும் வாங்கலாம். ஒரேயடியாக வாங்கினால் அடுத்த பெரிய பதிப்புக்குத் தனிக் காசு.

விஎம்வேர் ஃப்யூஷனும் இதே வேலையைச் செய்கிறது. 2024 நவம்பரிலிருந்து தொழிலுக்குப் பயன்படுத்துபவர்களுக்கும் இலவசம். எனக்குப் பேரலல்ஸ் கைக்குப் பழகிவிட்டது, கண்ட்ரோல் சி-க்குப் பதில் கமாண்ட் சி அடித்தாலும் அதுவே புரிந்துகொள்கிறது. ஆனால் கையில் காசு இறுக்கமாக இருந்தால் முதலில் ஃப்யூஷனைப் பாருங்கள். புதிதாகப் பஞ்சிங் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு விண்டோஸே வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் சாப்ட்வேரோடு சேர்ந்து ஓடும் பஞ்சிங் சாப்ட்வேர் இங்க்ஸ்டிச் மேக்கிலேயே ஓடும், காசும் இல்லை. பெயர் எழுத்து, சின்னப் பூ எல்லாம் அதில் தாராளமாகச் செய்யலாம். என்னிடம் கற்றுக்கொள்ள வரும் இரண்டு பெண்களுக்கு அதில்தான் ஆரம்பித்துக் கொடுத்தேன்.

பஞ்சிங்குக்காகவே ஒருவர் புதிதாக மேக் வாங்கப் போகிறார் என்றால் நான் தடுப்பேன். அந்தக் காசில் நல்ல விண்டோஸ் கம்ப்யூட்டரும் மீதியில் ஆறு மாதத்துக்கு ஜரி நூலும் வாங்கலாம். மேக் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதை விற்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். என் சந்தா வரும் ஆயுத பூஜையோடு முடிகிறது. அதற்கான காசை நூல் டப்பாவில் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.