ஐஜிபியா, மொண்டியோரிங்கா, கென்னலில் விடுவதா?

கோலாலம்பூரில் அல்சேஷனோ, மாலினுவா என்ற பெல்ஜிய மேய்ப்பு நாயோ வாங்கிய தம்பிகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இதுக்குப் பாதுகாப்புப் பயிற்சி குடுக்கணும், எங்க ஆரம்பிக்கிறது?" கென்னலில், அதாவது நாயை வைத்துப் பழக்கித் தரும் இடத்தில், விட்டு வாங்கலாம். இல்லையென்றால் நாயோடு சேர்ந்து நாமே ஐஜிபி கற்கலாம், மொண்டியோரிங் கற்கலாம்; இரண்டும் நாய்களுக்கான பாதுகாப்புப் பயிற்சிப் போட்டி முறைகள்.

கென்னலை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் நான் அடிபட்டிருக்கிறேன். என் முதல் அல்சேஷனை ஊருக்கு வெளியே ஓரிடத்தில் ஆறு வாரம் விட்டேன். திரும்பி வந்த நாய் பயிற்சியாளர் சொன்னால் உட்கார்ந்தது. நான் சொன்னால் என் முகத்தைப் பார்த்து நின்றது. வாசலில் மோட்டார் சத்தம் கேட்டாலே பல்லைக் காட்டியது. என்ன செய்து அப்படி ஆக்கினார்கள் என்பது எனக்குத் தெரியாது, அதனால் சரிசெய்யவும் வழி தெரியவில்லை. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இது சின்ன விஷயமில்லை. இரண்டு பக்கமும் ஒட்டிய வீடுகள், எதிரே நாயைத் தொடாத மலாய்க் குடும்பம், மாலையானால் தெருவில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள். பணம் இருக்கிறது, நேரம் இல்லை என்பவர்களுக்கு கென்னல் வசதிதான். ஆனால் நாயின் வாய்க்குப் பொறுப்பேற்க வேண்டிய ஆள் அங்கே எதையும் கற்பதில்லை.

ஐஜிபி ஜெர்மனியில் மேய்ப்பு நாய்களைச் சோதிக்கப் பிறந்த முறை. ஷுட்ஸ்ஹுண்ட் என்ற பழைய பெயரில் இன்னும் பலர் அதை அழைக்கிறார்கள். 2019 முதல் பெயர் ஐஜிபி. மோப்பத் தடம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி. அதற்கு முன்னால் பிஎச் என்ற தேர்வில் தேற வேண்டும். எனக்கு அந்தத் தேர்வுமேல் தனி மரியாதை. கயிறு இல்லாமல் ஒட்டி நடப்பது, கூப்பிட்டால் வருவது, அப்புறம் தெருவில் சைக்கிள்காரரும் ஓடுபவரும் கடந்து போகும்போது அமைதியாக இருப்பது. கோலாலம்பூர் செந்தூலில் ஒரு தெருவில் நாயை நடத்துகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் எது?

மோப்பத் தடம் பலருக்குச் சலிப்பு. எனக்கு அதுதான் உயிர். எதிராளியாக நடித்து நாயைக் கடிக்க விடும் ஹெல்பர் வேண்டாம், திடல் போதும். முதல் நிலையில் நாமே நடந்த 300 எட்டுத் தடம், நடந்து 20 நிமிடம் ஆறவிட்டது. மூன்றாம் நிலையில் வேறொருவர் நடந்த 600 எட்டு, ஒரு மணி நேரம் ஆறியது. காலை ஏழு மணிக்கு, முந்தின நாள் மழையில் ஊறிய புல்லில், அவித்த கோழி ஈரலைக் கடுகளவு கிள்ளி ஒவ்வொரு காலடியிலும் வைத்துக்கொண்டே போவேன். அப்புறம் நாயை விட்டால் மூச்சு மாறுவது காதில் கேட்கும்: சீரான, வேகமான உறிஞ்சல். திருப்பத்தில் அது நின்று போகும். தலை ஒருமுறை நிமிரும், மறுபடி குனியும், 10 மீட்டர் கயிறு கையில் இறுகும். அந்த நொடியில் நாம் கயிற்றை இழுக்காமல் நிற்கப் பழகுவதுதான் பாடம்.

பாதுகாப்புப் பகுதியில் ஹெல்பர் கையில் மாட்டியிருக்கும் தடித்த உறையை மட்டும் நாய் கடிக்கும். என்னைப் பழக்கிய ஹெல்பர் அண்ணன் ஓயாமல் சொல்வார்: "தம்பி, நாய் குரைக்கிறதப் பாக்காத, வாயப் பாரு." கடைவாய் வரை நிறைத்துப் பிடித்து அசையாமல் இருந்தால் நாய் தெளிவாக இருக்கிறது. முன்பல்லால் கவ்விக் கவ்வி இடம் மாற்றினால் உள்ளே பயம். அந்தப் பயத்தை வீரம் என்று நினைத்துக் கைதட்டும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மொண்டியோரிங் 1980களில் பிரெஞ்சு ரிங் போன்ற ஐரோப்பிய முறைகளைக் கலந்து உருவானது. மோப்பத் தடம் இல்லை. டிக்காய், அதாவது இந்த முறையின் ஹெல்பர், உடல் முழுக்கத் தடித்த உடை போட்டிருப்பார். நாய் காலையும் பிடிக்கலாம். பயிற்சிகளின் வரிசை குலுக்கலில் முடிவாகும், தண்ணீர் தெளிப்பார்கள், பாட்டில்களை உருட்டுவார்கள். எதிர்பாராததைக் கண்டு கலங்காத நாய் வேண்டுமென்றால் இதுதான் நேர்மையான சோதனை. தரையில் கிடக்கும், வீசப்படும் உணவைத் தொடாமல் இருப்பதும் இதில் உண்டு. வேலிக்குள் விஷ இறைச்சி வீசப்படுமோ என்று அஞ்சுபவர்களுக்கு அந்த ஒரு பாடமே பெரிது.

ஆனால் இங்கே 33 டிகிரி வெயிலில் அந்த உடைக்குள் நிற்க, அதுவும் நாயைப் படிக்கத் தெரிந்த டிக்காய் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை அப்படி ஒருவர் கிடைத்தால் பாக்கியம். நாய்க்கும் சூடு ஆகாது. காலை எட்டரைக்கு மேல் கடிப் பயிற்சி என்றால் நான் நாயை வண்டியிலிருந்து இறக்கவே மாட்டேன்.

புதிதாக வருபவருக்கு நான் ஐஜிபிதான் சொல்வேன். தனியாக முக்கால் வேலையை நடத்தலாம், பிஎச் நம் தெருவுக்கும் பயன். இரண்டு வருடம் கழித்து, அதுவும் மாலினுவா வைத்திருந்தால், மொண்டியோரிங் பக்கம் போங்கள்.

எந்தக் குழுவுக்கும் பணம் கட்டுமுன் நாய் இல்லாமல் மூன்று வாரம் போய் ஓரமாக நின்று பாருங்கள். பயந்து பின்வாங்கும் நாயிடம் ஹெல்பர் என்ன செய்கிறார்? அழுத்தத்தைக் குறைத்து, ஓரடி பின்னால் போய், அதை ஜெயிக்க விட்டால் அங்கே சேருங்கள். மேலும் மேலும் நெருக்கினால், மறு வாரம் போகாதீர்கள்.