காலநிலை ஸ்டார்ட்அப்புக்கு எந்தப் பணம் நல்லது?

புது வகை பேட்டரியோ, கரியமில வாயு உமிழ்வு குறைவான சிமென்ட்டோ ஆய்வகத்தில் வேலை செய்துவிட்டால் மட்டும் போதாது. அது ஒரு தொழிற்சாலையிலிருந்து லாரியில் ஏறி வெளியே வரப் பத்து வருஷம் ஆகலாம். அத்தனை வருஷமும் பொறியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், சோதனை ஆலை கட்ட வேண்டும், அது சரிவரவில்லை என்றால் இன்னொன்று கட்ட வேண்டும். இந்தப் பணத்தைக் கேட்டு ஒரு நிறுவனர் போகக்கூடிய இடங்கள் முக்கியமாக ஐந்து: அரசு மானியம், வழக்கமான வென்ச்சர் கேபிடல் (பங்குக்கு ஈடாக இளம் கம்பெனிகளில் போடும் பணம்), நீண்ட கெடு கொண்ட தனி நிதிகள், அதே துறையில் இருக்கும் பெரிய நிறுவனங்கள், பொருள் தயாராகும் முன்பே வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் போடும் வாங்குநர்கள்.

எவ்வளவு தருகிறார்கள் என்பதைவிட எத்தனை வருஷம் பொறுப்பார்கள் என்பதை வைத்துத்தான் இவற்றை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. அப்படிப் பார்த்தால், அதிகம் பேசப்படும் வென்ச்சர் கேபிடல் பட்டியலில் கீழே போய்விடுகிறது. அதிகம் பேசப்படாத வாங்குநர் மேலே வருகிறார்.

வென்ச்சர் கேபிடல்: கெடு குறைவு

வென்ச்சர் நிதிகள் பெரும்பாலும் பத்து வருஷக் கணக்கில் நடப்பவை. முதல் நான்கைந்து வருஷம் முதலீடு செய்வார்கள். மிச்ச வருஷங்களில் பங்குகளை விற்று, தங்களிடம் பணம் போட்டவர்களுக்கு லாபத்தோடு திருப்பித் தர வேண்டும். ஆக, நிதி தொடங்கி மூன்றாம் வருஷம் பணம் வாங்கிய ஒரு கம்பெனிக்கு ஆறேழு வருஷம்தான் அவகாசம். மென்பொருளுக்கு இது தாராளம். சிமென்ட்டுக்கும் பேட்டரிக்கும் இது தென்னங்கன்றை நட்டுவிட்டுக் கீரை பறிக்கிற கணக்கில் வந்து நிற்பது மாதிரி.

இதற்கு அமெரிக்காவில் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். 2006 முதல் 2011 வரை வென்ச்சர் நிறுவனங்கள் பசுமைத் தொழில்நுட்பத்தில் 2,500 கோடி டாலருக்கு மேல் கொட்டி, அதில் பாதிக்கும் மேல் இழந்தன என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்திலிருந்து 2016-ல் வந்த ஆய்வு சொன்னது. மென்பொருள் கம்பெனிகள் தப்பித்தன. புதுப் பொருள், புது ரசாயனம், புது இயந்திரம் என்று இறங்கியவைதான் அதிகம் அடிபட்டன.

சோலிண்ட்ரா கதை பலருக்கும் தெரியும். தட்டையான சிலிக்கான் தகடுக்குப் பதிலாக, உருளை வடிவக் குழாய்களின் மேல் தாமிரம், இண்டியம், காலியம், செலினியம் கலந்த மெல்லிய படலம் பூசிய சூரியமின் கருவி அது. சிலிக்கான் விலை ஏறிக்கொண்டிருந்தபோது அருமையான யோசனை. அப்புறம் சிலிக்கான் விலை தலைகுப்புற விழுந்தது, குழாய்களை வாங்க ஆளில்லை. 2011-ல் கம்பெனி திவாலானது. அமெரிக்க அரசு உத்தரவாதம் கொடுத்திருந்த 53.5 கோடி டாலர் கடனும் மாட்டிக்கொண்டது. எனவே இந்தப் பழியை வென்ச்சர்காரர்கள் தலையில் மட்டும் போட முடியாது. ஆனால் சந்தை தங்கள் பக்கம் திரும்பும்வரை சிறிய அளவில் காத்திருக்கிற வழி, அவசரமாக வளரச் சொல்லும் பணத்தில் இருப்பதில்லை.

இருபது வருஷ நிதி

அந்த அடியில் கற்ற பாடம்தான் பில் கேட்ஸ் முன்னின்று 2016 டிசம்பரில் அறிவித்த பிரேக்த்ரூ எனர்ஜி வென்ச்சர்ஸ். தொடக்கத்தில் 100 கோடி டாலருக்கு மேல். கெடு 20 வருஷம். ஒரு தொழில்நுட்பம் முழு வளர்ச்சி அடைந்தால் வருஷத்துக்குக் குறைந்தது 50 கோடி டன் உமிழ்வைக் குறைக்க முடியுமா என்பது அவர்களுடைய முதல் சல்லடை. உலகின் மொத்த உமிழ்வில் இது ஏறக்குறைய ஒரு விழுக்காடு.

பத்து வருஷப் பணத்துக்கும் இருபது வருஷப் பணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க யெட்-மிங் சியாங் என்ற எம்.ஐ.டி. பேராசிரியர் இணைந்து தொடங்கிய இரண்டு கம்பெனிகளை அருகருகே வைக்கலாம். முதலாவது ஏ123 சிஸ்டம்ஸ், 2001-ல் தொடங்கியது. லித்தியம் பேட்டரி. வென்ச்சர் பணம், 2009-ல் பங்குச் சந்தை, கூடவே பெரிய அரசு மானியம். எல்லாம் வேகவேகமாக நடந்தது. மின்கார்கள் எதிர்பார்த்த வேகத்தில் விற்கவில்லை, பேட்டரிகளைத் திரும்பப் பெற வேண்டியும் வந்தது. 2012 அக்டோபரில் திவால். அதை வாங்கியது சீனாவின் வான்சியாங்.

இரண்டாவது ஃபார்ம் எனர்ஜி, 2017-ல் தொடங்கியது. இரும்பும் காற்றும் கொண்டு இயங்கும் பேட்டரி. மின்சாரம் தரும்போது உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடிக்கிறது. மின்னேற்றம் செய்யும்போது துரு மறுபடி இரும்பாகிறது. விலை மலிவு, தீப்பிடிக்கும் பயமும் இல்லை. ஆனால் எடை அதிகம், ஆற்றலிலும் கணிசமான பங்கு வீணாகும். அதனால் கார்களுக்கு ஆகாது. காற்றும் வெயிலும் நாள்கணக்கில் இல்லாதபோது மின்கட்டமைப்பைத் தாங்க, தொடர்ந்து 100 மணி நேரம் மின்சாரம் தருவதுதான் இதன் வேலை. ஒரே ஒரு முறை முழுதாகக் காலியாக்கிச் சோதிக்கவே நான்கு நாளைக்கு மேல் ஆகும் ஒரு கருவி இது. அப்படி நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓடவிட்டுப் பார்க்க எவ்வளவு காலம் வேண்டும் என்று கணக்குப் போட்டால், அடுத்த காலாண்டு என்ன என்று கேட்கும் முதலீட்டாளருக்கு இங்கே இடமே இல்லை என்பது புரியும். பிரேக்த்ரூவும், எம்.ஐ.டி. தொடங்கிய தி எஞ்சின் நிதியும் ஆரம்பத்திலேயே உள்ளே வந்தன. மேற்கு வர்ஜீனியாவின் வெயர்ட்டனில், பழைய எஃகு ஆலை நின்ற இடத்தில் இப்போது அதன் தொழிற்சாலை இருக்கிறது. அது ஜெயிக்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் முடிவு தெரியும்வரை உயிரோடு இருக்க அதற்கு அவகாசம் கிடைத்திருக்கிறது.

இந்த வழியிலும் குறை உண்டு. 50 கோடி டன் சல்லடையில் சிறியவை நிற்காது. ஒரு மாவட்டத்து நெல் வயல்களுக்கோ ஒரு கடற்கரை ஊருக்கோ மட்டும் பொருந்தும் நல்ல தீர்வுகள் எத்தனையோ இருக்கின்றன, அவற்றுக்கு இங்கே இடமில்லை. தவிர, இப்படிப்பட்ட நிதிகள் சில பெரும் பணக்காரர்களின் விருப்பத்தை நம்பி நிற்பவை. 2025-ல் பிரேக்த்ரூ எனர்ஜி தன் கொள்கைப் பிரிவை வெகுவாகக் குறைத்தது. முதலீட்டுப் பிரிவு தொடர்ந்தது என்றாலும், அந்தச் செய்தி நிறுவனர்களுக்கு ஓர் எச்சரிக்கைதான்.

அரசு மானியம்

ஆரம்ப நிலைக்கு இதைவிட நல்ல பணம் கிடையாது, பங்கு கேட்காது என்பதால். அமெரிக்க எரிசக்தித் துறையில் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் ஆர்பா-இ அமைப்பு 2009-ல் 40 கோடி டாலரோடு வேலையைத் தொடங்கியது. தோற்கக்கூடிய யோசனைகளுக்கே பணம் கொடுப்பது அதன் கொள்கை. ஃபார்ம் எனர்ஜியும் தொடக்கத்தில் அதன் உதவி பெற்றதுதான்.

ஆனால் அரசு மாறினால் மானியமும் மாறும். சப்லைம் சிஸ்டம்ஸுக்கு நடந்ததைப் பாருங்கள். சியாங்கும் லியா எல்லிஸும் தொடங்கிய கம்பெனி அது. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் 1,400 டிகிரிக்கு மேல் சுட்டுச் சிமென்ட் செய்வதற்குப் பதிலாக, மின்வேதி முறையில் சூளை இல்லாமலே செய்கிறார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹோலியோக்கில் முதல் வணிக ஆலைக்கு 8.7 கோடி டாலர் வரை தருவதாக எரிசக்தித் துறை ஒப்புக்கொண்டிருந்தது. 2025 மே மாதம் அதே துறை ஒரே அறிவிப்பில் 24 திட்டங்களுக்கான 370 கோடி டாலரை ரத்து செய்தது. சப்லைமின் பணமும் அதில் போனது. ஆய்வகக் கட்டத்துக்கு மானியத்தை நம்பலாம். முதல் ஆலையை அதை மட்டும் நம்பிக் கட்டக் கூடாது.

பெரிய கம்பெனி உள்ளே வந்தால்

இதற்கு நம் ஊர்க் கதையே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல் மின்ஸ்கூட்டர் செய்யும் ஏதர் எனர்ஜியைத் தொடங்கினார்கள். 2014-ல் கிடைத்த முதல் விதைப் பணம் 45 லட்சம் ரூபாய்: மத்திய அரசின் தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம், ஐ.ஐ.டி., முன்னாள் மாணவர் ஒருவர் என மூன்று இடத்திலிருந்து வந்தது. அந்த வருஷக் கடைசியில் ஃபிளிப்கார்ட் நிறுவனர்கள் 10 லட்சம் டாலர், 2015-ல் டைகர் குளோபல் என்ற முதலீட்டு நிறுவனம் 1.2 கோடி டாலர், 2016-ல் இருசக்கர வண்டி செய்யும் ஹீரோ மோட்டோகார்ப். வாடிக்கையாளர் கையில் முதல் வண்டி சேர்ந்தது 2018-ல். ஐந்து வருஷம் ஒரு வண்டிகூட விற்காமல் ஒரு வண்டிக் கம்பெனி நடந்திருக்கிறது. ஓசூரில் ஆலை, 2025 மே மாதம் பங்குச் சந்தை என்று வந்தபோதும் ஹீரோதான் பெரிய பங்குதாரர்.

ஹீரோ போன்ற நிறுவனத்துக்கு நிதி முடியும் தேதி என்று ஒன்று இல்லை. இந்தத் துறையின் நெளிவுசுளிவும் தெரியும். ஆனால் 2022-ல் அதே ஹீரோ, விடா என்ற பெயரில் சொந்த மின்ஸ்கூட்டரை இறக்கியது. பெரிய பங்குதாரரே போட்டியாளர்! ஏதர் இதைத் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு அப்போது வளர்ந்திருந்தது. வளராத கம்பெனியாக இருந்தால்? ஒப்பந்தத்தில் தொழில்நுட்ப உரிமை யாருக்கு, மற்ற கம்பெனிகளுக்கு விற்கத் தடை உண்டா என்ற இரண்டையும் வக்கீல் வைத்துப் பார்க்காமல் இந்தப் பணத்தைத் தொடக் கூடாது. சிமென்ட் பக்கமும் இதே நிலைதான்: ஹோல்சிமும் சி.ஆர்.எச்.சும் 2024-ல் சப்லைமில் பணம் போட்டிருக்கின்றன, இரண்டும் பழைய முறையில் சிமென்ட் விற்பவை.

முன்கூட்டி வாங்குபவர்

என் முதல் மதிப்பெண் இவருக்குத்தான். 2022-ல் ஸ்ட்ரைப், ஆல்பபெட், ஷாப்பிஃபை, மெட்டா, மெக்கின்சி ஆகிய பெரிய நிறுவனங்கள் சேர்ந்து ஃபிரான்டியர் என்ற ஏற்பாட்டைத் தொடங்கின. காற்றிலிருந்து கரியமில வாயுவை நீக்கித் தருபவர்களிடம் 2030-க்குள் 92.5 கோடி டாலருக்கு வாங்குவோம் என்பது வாக்கு. இதில் இரண்டு வகை. மிக இளம் கம்பெனிகளுக்குச் சிறு தொகையை முன்பணமாகவே கொடுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் வளர்ந்தவற்றோடு பெரிய ஒப்பந்தம்: எத்தனை டன், என்ன விலை என்று எழுதி, டன் கைக்கு வந்த பிறகு பணம். பங்கு கேட்பதில்லை, நிர்வாகக் குழுவில் நாற்காலி கேட்பதில்லை. அந்த ஒப்பந்தத்தைக் காட்டி மற்ற இடங்களில் பணம் திரட்டலாம் என்பது கூடுதல் பலம். மைக்ரோசாஃப்ட்டும் சப்லைமோடு 2025-ல் இதே மாதிரி நீண்ட காலக் கொள்முதல் ஒப்பந்தம் போட்டது, மானியம் பறிபோன அதே மாதத்தில்.

தோல்வி இங்கும் உண்டு. கடல் வழியாகக் கரியமில வாயுவை நீக்கப் பார்த்த ரன்னிங் டைட் பெரிய வாங்குநர்கள் இருந்தும் 2024-ல் மூடப்பட்டது. நீக்கும் கரியமில வாயுவுக்குத் தானாகச் சந்தை இல்லை, வாங்குபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

இந்தியாவுக்கு இது புது வித்தையும் இல்லை. எல்.இ.டி. பல்புகளை மத்திய அரசின் மின்சிக்கன நிறுவனமான இ.இ.எஸ்.எல். கோடிக்கணக்கில் மொத்தமாக ஏலம் விட்டு வாங்கியபோது 2014-ல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை இரண்டே வருஷத்தில் 38 ரூபாய்க்கு இறங்கியது. உற்பத்தியாளர்களுக்கு யாரும் மானியம் கொடுக்கவில்லை. எவ்வளவு வாங்கப்போகிறோம் என்று சொன்னார்கள், அவ்வளவுதான். எல்.இ.டி. அப்போதே தேறிவிட்ட தொழில்நுட்பம், ஆய்வகக் கட்டத்தில் இருக்கும் ஒன்றுக்கு இந்த உத்தி அப்படியே பொருந்தாது. ஆனால் முதல் ஆலை கட்டும் கட்டத்துக்குப் பொருந்தும்.

சரி, இங்கே ஒரு நிறுவனர் என்ன செய்யலாம்?

ஆய்வகக் கட்டத்தில் மானியம். ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி 2021-ல் வந்தபோது மானியத்துக்கு வைத்த உச்சவரம்பு 20 லட்சம் ரூபாய். மென்பொருளுக்குப் போதும், ஒரு மின்வேதிக் கருவிக்குச் சில மாதமே தாங்கும். அதற்கு மேலே, 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒரு லட்சம் கோடி ரூபாயில் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத்துக்கான நிதிக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. நீண்ட காலக் கடனும் பங்கு முதலீடும் தரும் ஏற்பாடு என்பதால், இருபது வருஷ நிதிக்கு இங்கே நெருங்கி வரக்கூடியது இதுதான். ஆனால் தொழில்நுட்பம் ஓரளவு தேறிய பிறகே அதன் கதவு திறக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் நல்ல கம்பெனிகள் விழுகின்றன.

இன்னும் வெறுமையாக இருப்பது வாங்குநரின் இடம். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் கலந்து உமிழ்வைக் குறைக்கும் எல்.சி.3 சிமென்ட்டில் சென்னை, டெல்லி ஐ.ஐ.டி.க்கள் வருஷக்கணக்கில் உழைத்திருக்கின்றன. 2023-ல் இந்தியத் தரநிர்ணயமும் வந்துவிட்டது. பாலம், பள்ளிக்கூடம், குடியிருப்பு என்று சிமென்ட்டை அதிகம் பயன்படுத்துவதில் மாநில அரசுகள் முன்வரிசையில் இருக்கின்றன. அடுத்த ஐந்து வருஷத்தில் உமிழ்வு குறைந்த சிமென்ட் இத்தனை லட்சம் டன், இந்த விலைக்கு வாங்குவோம் என்று பொதுப்பணித் துறை ஓர் ஒப்பந்தப்புள்ளியில் எழுதினால் போதும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒரு சின்னக் கம்பெனி வங்கிக்குப் போக முடியும்.