பழைய டிராவலர் பாதி வழியில் இழுக்கவில்லையா? பெங்களூர் கலாசிபாளையம் போங்கள்

எங்களுடையது பழைய டெம்போ டிராவலர். உள்ளே படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்து கேம்பராக மாற்றியது. எலக்ட்ரானிக்ஸ் இல்லாத மெக்கானிக்கல் பம்ப் டீசல் எஞ்சின், கோளாறைக் காட்டும் ஸ்கேனர் மாட்டிப் பார்க்கவும் வழியில்லை. சேலத்திலிருந்து பெங்களூர் திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் திடீரென்று இழுவை போய்விடும், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் இரண்டாவது கியரில் ஊரும். ஓரங்கட்டி ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.

ஒரு கராஜில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், "பம்ப் போயிடுச்சு, இறக்கணும்" என்றார்கள். பம்ப் போயிருந்தால் டீ குடித்ததும் எப்படி சரியாகும்?

அப்புறம்தான் கலாசிபாளையத்தில் சந்துக்குள் இருக்கும், பெயர்ப்பலகைகூட இல்லாத இந்த டீசல் பட்டறைக்குப் போனோம். தமிழிலேயே பேசலாம். பெரியவர் கூடவே ஏறி நைஸ் ரோடு வரை வந்தார், இழுவை குறைந்த நிமிஷமே நிறுத்தச் சொல்லி டேங்க் மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று காற்றை உள்ளிழுக்கும் சத்தம் வரவில்லை, அதனால் மூடியின் காற்றுத் துளை அடைக்கவில்லை. ஃபில்டருக்கு முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு டியூபை மாட்டிப் பார்த்தார், குமிழும் இல்லை, அதாவது டீசல் குழாய்க்குள் எங்கேயும் காற்று புகவில்லை. பிறகு டேங்கை விட்டுவிட்டு, கேனில் டீசல் ஊற்றி நேராக அதிலிருந்து ஓட்டினார். அதே ரோடு, அதே லோடு, வண்டி சீறியது. "பம்பைத் தொடாதீங்க தம்பி, டேங்கை இறக்குவோம்."

இறக்கினால், டேங்கிலிருந்து டீசல் எடுக்கும் உறிஞ்சு குழாயின் வடிகட்டி வலை முழுக்கக் கறுப்பு வழவழப்பும் துருவும். கேம்பர் மாதக்கணக்கில் அரை டேங்கோடு நிற்கிறது, உள்ளே ஈரம் இறங்குகிறது, துரு பிடிக்கிறது. ஓடும்போது கசடு வலையில் ஒட்டி டீசலைத் தடுக்கும், எஞ்சினை நிறுத்தினால் உறிஞ்சல் நின்று கசடு கீழே விழுந்துவிடும். டீக்கடை மர்மம் அவ்வளவுதான். டேங்கைக் கழுவி, புது வலை, ஃபில்டர், டீசல் ஹோஸ் மாட்டினார்கள். சாமான் ஜேசி ரோட்டில் நாமே வாங்கிவந்தால் போதும், கமிஷன் பேச்சே கிடையாது.

குறை இல்லாமல் இல்லை. பில் கேட்டால் துண்டுச்சீட்டு, போன் எடுக்கவே மாட்டார்கள், மாலை என்றால் மறுநாள். வண்டி நிறுத்தவும் இடமில்லை, மார்க்கெட் நெரிசல் தொடங்குவதற்குள் போய்விடுங்கள். ஐந்துக்கு நாலு.